மாடி வீட்டு வெனிலா

மாடியில் குளியலறைக் குழாய் திறக்கும் சத்தமும் கூடவே மூத்தவளின் பாட்டும் கேட்டதுதான் தாமதம், கீழ் வீட்டு இளையவள் இடுப்பில் ஒரு பொட்டலத்தைச் செருகிக்கொண்டு பூனை மாதிரி படியேறினாள். மூத்தவள் குளிக்கப் போனால் நாலு பாட்டு முடியாமல் வெளியே வரமாட்டாள். ஒரு திருட்டுக்கு அது தாராளம்.

திருட்டு என்றால் நகை நட்டு இல்லை. வெனிலா காய்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருக்கும் ஓரகத்திகள் இவர்கள். நாளைக்குக் குடியிருப்புச் சங்கத்தில் வெனிலா கேக் போட்டி. எசென்ஸ் ஊற்றக் கூடாது, அசல் காய்தான் போடவேண்டும், மீறினால் பரிசு கிடையாது. மூன்று வருஷமாகக் கோப்பை மாடிக்குத்தான் போகிறது. மூன்று வருஷமாக இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டுகிறாள். இந்தத் தடவையும் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

இத்தனைக்கும் இருவரும் ஒரே நாளில் ஒரே கடையில்தான் காய் வாங்கினார்கள். மூத்தவள் கடைக்காரரின் உயிரை எடுத்து, ஒவ்வொரு காயையும் விரலில் சுற்றிப் பார்த்து, ஒடியாமல் வளைந்ததாகப் பொறுக்கினாள்.

"கண்ணாடி பாட்டில்ல போட்டு இறுக்கி மூடி, இருட்டா இருக்கிற அலமாரியில வை. ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெச்சுடாதே, காய்ஞ்சு போயிடும்" என்று இலவச ஆலோசனை வேறு. சொன்னது மூத்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, இளையவள் தன் காயை நேராகக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்தாள். இப்போது எடுத்துப் பார்த்தால் துடைப்பக் குச்சி!

மாடி அலமாரியைத் திறந்து பாட்டில் மூடியைத் திருகினாள். குப்பென்று வாசனை வந்து ஆளையே தூக்கியது. உள்ளே எட்டுக் காய், கறுகறுவென்று, எண்ணெய் மினுமினுக்க.

"அடி ஆத்தாடி!" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டையும் பொட்டலத்தில் சுருட்டினாள். தன்னுடைய எட்டுக் குச்சியைப் பாட்டிலில் போட்டு மூடினாள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் காரியம் கச்சிதமாக முடிந்தது. படியிறங்கும்போது அதே பாட்டை அவளும் முணுமுணுத்தாள், சந்தோஷம் அப்படி.

மறுநாள் காலையில் கேக் வேலை ஆரம்பமானது. காயை நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் பொடி விதையைக் கத்தி முனையால் வழித்து மாவில் போடவேண்டும். ஒரு கேக்குக்கு ஒரு காய் போதும். ஓசியில் வந்த காய்க்கு அந்தக் கஞ்சத்தனம் எதற்கு? இளையவள் நாலைப் போட்டாள். மிச்சம் நாலைத் தன் பாட்டிலில் போட்டு அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு, கேக் வெந்து இறங்கியதும் அதன் மேலே தூவ மாச்சர்க்கரை வாங்கக் கடைக்கு ஓடினாள்.

சாயங்காலம் சங்கத்து ஹாலில் நிற்க இடமில்லை. நடுவர், ஓய்வு பெற்ற பேக்கரி மாஸ்டர். இளையவளின் கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மாஸ்டர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

"என்னம்மா இது, சென்ட் பாட்டிலைக் கடிச்ச மாதிரி இருக்கு?"

ஹால் கொல்லென்று சிரித்தது. அடுத்து மூத்தவளின் கேக். ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதுக்கும் கை போனது.

"வெனிலான்னா இது வெனிலா! இந்த வருஷமும் மாடி வீட்டம்மாதான்."

இளையவளுக்குத் தலை சுற்றியது. அந்தத் துடைப்பக் குச்சியில் இந்த வாசனையா? தலைகீழாக நின்றாலும் வராதே! அப்படியென்றால்… எசென்ஸ்! மகராசி எசென்ஸை ஊற்றியிருக்கிறாள்! வந்த சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை, நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

"நிறுத்துங்க மாஸ்டர்! அக்கா அவங்க பாட்டில்ல இருக்கிற காயைப் போட்டுத்தான் கேக் செஞ்சாங்களான்னு கேளுங்க. எல்லாரும் பார்க்கச் சத்தியம் பண்ணட்டும்!"

மூத்தவளின் முகம் வெளுத்துப் போனது. நீட்டிய கோப்பையை மாஸ்டர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா."

"சத்தியம் பண்ண முடியாது மாஸ்டர். தப்புப் பண்ணிட்டேன்."

நாற்காலி மேல் நின்றபடியே இளையவள் ஒரு குதி குதித்தாள்.

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டிலைச் சரியா மூடாம விட்டுட்டேன் போல. காலையில பார்த்தா எல்லாக் காயும் காய்ஞ்சு கிடக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இவகிட்ட கேக்கலாம்னு கீழ போனேன், கடைக்குப் போயிருந்தா. அலமாரியைத் திறந்தா, அடேயப்பா, என்ன அருமையான காய்! மனசு கேக்கல, ஒண்ணை எடுத்துட்டு வந்துட்டேன். என்ன சொன்னாலும் திருட்டு திருட்டுத்தானே மாஸ்டர்? கோப்பையை இவளுக்கே குடுத்துடுங்க."

பிறகு இளையவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "என்னை மன்னிச்சுடும்மா."

மொத்த ஹாலும் இளையவளையே பார்த்தது. அவள் மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கோப்பையைக் கையில் வாங்கினாள்.

"பரவாயில்லக்கா, இனிமே எது வேணும்னாலும் கேட்டுட்டு எடுங்க" என்றாள்.