ஊசிக்கு ஓடியவர்

சமுதாயக் கூடத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் மஞ்சுதான். திரையில் மாட்டை இழுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடுகிறவரோ அவளுடைய சொந்தத் தாத்தா அரியமுத்து!

கால்நடை டாக்டர் நர்மதாவுக்கு எரிச்சலாக வந்தது. இப்படியும் ஒரு பேத்தியா?

அது அறுபது வருஷத்துக்கு முந்தைய அரசாங்கப் படம். வெக்கை நோய்க்கு மாடுகளுக்கு ஊசி போடச் சொல்லி, உடையார்பாளையம் பக்கத்தில் இதே ஊரில், ஊர்க்காரர்களையே நடிக்கவைத்து எடுத்தது. ஊசிக்குப் பயந்து ஓடும் அசட்டு விவசாயி, அரியமுத்து. மாட்டைப் பிடித்தபடி மிடுக்காக நின்று ஊசி போடச் சொல்லும் நல்ல விவசாயி, பெரிய வீட்டுக்காரர்.

நாளைக் காலை கோமாரி தடுப்பூசி முகாம். போன தடவை, பால் குறைந்துவிடும் என்று பயந்து பாதிப் பேர் மாடுகளை முந்திரிக்காட்டுக்குள் ஓட்டிவிட்டார்கள். பிறகு கோமாரி வந்து பதினோரு கன்றுகள் செத்தன. அதனால்தான் நர்மதா இந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டாள்.

"ஏ மஞ்சு, ஒங்க தாத்தா ஓட்டத்தப் பாரு! ஓட்டக்கார வூடுன்னு சும்மாவா சொல்றோம்?" என்றார் பெரிய வீட்டுப் பேரன் ராஜராஜன்.

"அரியலூர் பஸ்ஸே தோத்துடும் போங்க!" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

படத்தை மறுபடியும் போடச் சொன்னார்கள். இரண்டாம் தடவைதான் நர்மதா கவனித்தாள். ஓடுகிற மாட்டுக்கு இடது கொம்பு கீழே வளைந்திருந்தது. பெரிய வீட்டுக்காரர் பிடித்திருந்த மாட்டுக்கும் அதே கொம்பு, அதே நெற்றிச் சுட்டி.

மஞ்சுவை வெளியே அழைத்துப் போனாள்.

"ரெண்டும் ஒரே மாடுதானே?"

"கண்டுபுடிச்சிட்டீங்களா மேடம்?" மஞ்சு குரலைத் தாழ்த்தினாள். "எங்க மாடுதான். பெரிய வூட்டுக்காரரு தன் மாட்டு மேல ஊசியே படக்கூடாதுன்னுட்டாராம். படம் எடுக்க வந்தவங்க முழிச்சிருக்காங்க. தாத்தாதான் எங்க மாட்டைக் குடுத்து, 'கயித்த மட்டும் புடிச்சிக்கிட்டு நில்லுங்க'ன்னாராம். ஓடுறவனா நடிக்க ஒருத்தரும் வரல. அதுக்கும் அவரே போயிட்டாரு."

"அப்ப, ஊர்ல மொத ஊசி உங்க மாட்டுக்குத்தான்!"

"ஆமாங்க."

நர்மதாவுக்குத் தாங்கவில்லை. "அறுபது வருஷமா உங்களுக்கு இந்தக் கெட்ட பேரா? இருங்க, இப்பவே மைக்ல சொல்லிடுறேன்."

மஞ்சு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"வேணாம் மேடம். எங்கப்பாவைப் பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான் கூப்புடுவாங்களாம். அழுதுகிட்டே வருவாராம். எனக்கும் வலிக்காம இல்ல. ஆனா பெரிய வூட்டு மாட்டுக்கே அன்னைக்கு ஊசி போடலன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒரு மாடுகூட வராது."

"அதுக்காக நீங்களே சிரிக்கணுமா?"

"நான் மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டா அவங்க கப்சிப்புனு ஆயிடுவாங்க. இன்னைக்கு வாய்விட்டுச் சிரிச்சவன் நாளைக்கு மாட்டை ஒளிப்பானா, சொல்லுங்க?"

உள்ளே ராஜராஜன் முழங்குவது கேட்டது. "நாளைக்கு மொத மாடு எங்க மாடுதான்!"

மஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க தாத்தா ஒருத்தர் ஓடுனதாலதான் மேடம், அன்னைக்கு ஊரே நின்னு ஊசி போட்டுச்சு."