ஏழிதழ் வில்வம்

"தம்பி, பாரிஸ் குளிருக்கும் ஈரத்துக்கும் என்ரை கறிவேப்பிலையே பட்டுப்போச்சு. உன்ரை அலுமாரிக்குள்ளை இப்பிடிச் செழிச்சு நிக்கிறது என்ன செடி?"

அக்கா தாட்சாயினி கேட்டதும் பிரசாந்தன் கொஞ்சம் யோசித்தான்.

"ஏழிதழ் வில்வம் அக்கா. லேசிலை கிடையாது."

விளக்குப் பூட்டி, பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சின்ன ஃபானும் வைத்து, அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். இலையைக் கசக்கினால் தேசிக்காயின் புளிப்பு மணம் மூக்கைத் துளைத்தது. கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கு இவ்வளவு பக்தியா என்று தாட்சாயினிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சிவராத்திரிக்கு மறுநாள் வேலை முடிந்து வந்தவன், அலுமாரியைத் திறந்ததும் அலறினான்.

"அக்கா, இலையெல்லாம் எங்கை?"

"கோயிலுக்குக் கொண்டு போனனான். லா ஷப்பல் தமிழ்ச் சனம் முழுக்க மொய்ச்சிட்டுது. கேட்ட ஆக்களுக்கெல்லாம் ஒவ்வொரு கொப்புக் குடுத்தனான். செவ்ரான், பொபினி எல்லா இடமும் போயிட்டுது. வளத்தது என்ரை தம்பிதான் எண்டு பேரும் விலாசமும் சொல்லிவிட்டனான்."

பிரசாந்தன் தலையில் கைவைத்தபடி நிலத்தில் குந்தினான்.

"அக்கா, அது வில்வமில்லை. கஞ்சா!"

தாட்சாயினி வாயைப் பிளந்தாள். பிறகு மெல்ல ஜன்னலருகே போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அப்ப கொப்பு வாங்கின நாகேஸ்வரி அக்காவின்ரை மகன், வளத்த ஆளை உடனை பாக்கோணும் எண்டு போன் அடிச்சது பக்தியிலை இல்லையோ?"

"அவருக்கு என்ன வேலை?"

"பொலிஸ். தேத்தண்ணிக்கு வாங்கோ எண்டு சொன்னனான். இப்ப நாலு பேரோடை வந்து இறங்குறார். ஐயோ, இத்தினை பேருக்குச் சுட்ட வடை காணாதே!"