குண்டு ஏறும் நேரம்

"போனைத் திருப்பிக் காட்டு வாணி, உன் மூஞ்சிய நாளைக்குப் பாத்துக்கிறேன்" என்று எல்லைக் காவலிலிருந்து வீடியோ காலில் சிரிக்கிறார் என் கணவர் செழியன். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை முடிந்து, காலையில் கம்பெனி வாட்ச்மேனிடம் ஒப்படைத்த என் போனை இப்போதுதான் திரும்ப வாங்கியிருக்கிறேன். பின்னாலுள்ள கரிசல் காட்டில், கழுத்துவரை மணலில் புதைத்த குழாயிலிருந்து சோதனை வெடி ஒன்று டொப்பென்று கிளம்புகிறது. ஒரு மூச்சு கழித்து, மங்கிய வானத்தில் பச்சைப் பூ விரிகிறது. "எங்க மோர்ட்டாரும் இதேதான். குண்டைக் குழாய்க்குள்ள நழுவ விட்டா, அடியில ஊசி குத்தி மருந்து பத்தும், மேல ஏறிரும். எதிராளி சுட்டா, ஏறும்போதே ரேடார் பாத்துரும். எங்கனருந்து வருது, எங்கன விழும், எல்லாத்தையும் சொல்லிரும்." "அம்புட்டு வெரசாவா! அந்தக் குண்டை நிறுத்திருமா?" "நிறுத்தாது. நாங்க பதுங்குகுழிக்கு ஓட நேரம் குடுக்கும்." "அப்ப எல்லாருக்கும் முன்னால நீங்க ஓடுங்க, என்ன?" "உத்தரவும்மா" என்று சல்யூட் அடிக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப்போகும் கம்பெனி வேனின் ஹாரன் கேட்கிறது.

மறுநாள் விடியலில் ரேடார் சரியாகவே சொல்லியிருக்கிறது. மற்றவர்களை எல்லாம் குழிக்குள் இறக்கிவிட்டு, குண்டு விழுந்தபோது கடைசி ஆளாக வெளியே நின்றிருக்கிறார் அவர்.

இன்று மாலையும் காட்டில் குழாய் டொப்பென்கிறது. பச்சை விரிவதற்கு அதே ஒரு மூச்சு நேரம்தான் ஆகிறது.