முதலாளியின் கழுத்து

“முத்தன்ட கையை ஒருநாளைக்கு முறிச்சுத்தான் போடோணும்” என்றார் சித்திரக்காரர் அப்துல் மஜீத். அவருடைய இடது மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி பரீனா, முத்தன் பாவம், விடுங்க என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆதம்பாவா படலையைத் திறந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை, பைக்குள் ஒன்றுமில்லை. பரீனா எழும்பித் திரைக்குப் பின்னால் போனாள். மஜீத் கதிரையைக் காட்டவில்லை. ஆதம்பாவா தானாகவே இருந்துகொண்டார்.

வந்த காரியத்தைச் சுருக்கமாகவே சொன்னார். அடுத்த வருடத்துக் கலண்டர்களுக்குக் கடைக்காரர்கள் படம் தேடுகிற காலம் இது. திருகோணமலைக் கடைத்தெருவில் ஒரு படி விடாமல் ஏறி இறங்கி மஜீதுக்கு வேலை பிடித்துத் தருவார். மஜீத் அவரை ஏஜண்டாக வைத்துக்கொண்டால் போதும்.

“படம் கீறுறவனுக்கு என்னத்துக்கு ஏஜண்டு? நான் என்ன சினிமாக்காரனா?”

“கடைசியாக் கீறின கலண்டர் எது, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் ஆதம்பாவா.

துறைமுகத்தடியில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் அது. பேக்கரி முதலாளி ஒருவர் தன்னுடைய படத்தைப் பார்த்துவிட்டு, கழுத்தைக் காணவில்லையே என்று கேட்டார். நேரிலும் காணவில்லை என்று மஜீத் சொன்னார். அதற்குப் பிறகு கப்பல், பள்ளிவாசல், ரோசாப்பூ, ஒன்றுமே கேட்டு ஒருவரும் அவரிடம் வரவில்லை. பொய் சொல்ல ஏலாது என்பது மஜீதின் கொள்கை. கடைத்தெருவின் கொள்கை வேறு.

வேலையெல்லாம் கடலுக்கு அக்கரையில் கட்டைபறிச்சான் ஊரிலிருக்கும் முத்தனுக்குப் போனது. பிள்ளையார், முருகன், லட்சுமி என்று எந்தக் கடைக்குப் போனாலும் முத்தன்தான் தொங்கினார். கோடெல்லாம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அது ஒரு பாணி என்று கடைக்காரர்கள் மெச்சினார்கள். படத்தை மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகில் வேலை செய்கிற றஊப் கொண்டுவந்து கொடுப்பான், கூலியை வாங்கிப் போவான். றஊப் பரீனாவின் தம்பி. சொந்த மச்சானே எதிரியின் படத்தைச் சுமக்கிறான் என்று ஊர் சிரித்தது. முத்தனை மட்டும் ஒருவரும் கண்டதில்லை. காணாத ஆளோடு சண்டை பிடிக்க யாராலும் ஏலவில்லை. அதனால் அவருக்கு வேலை கூடிக்கொண்டே போனது.

“ஒங்கட வாயால போன வேலையை என்ட வாயால திருப்பிக் கொண்டுவரலாம்” என்றார் ஆதம்பாவா.

“சீனன்குடாவில சித்திரை வெயிலுக்க மழைக்கோட்டு வித்த வாய்தானே அது?”

“வித்தனா இல்லையா?”

திரைக்குப் பின்னாலிருந்து பரீனாவின் குரல் வந்தது. “இஞ்சாருங்க, கொஞ்சம் யோசியுங்க. வலது கை சும்மா கிடந்து துருப்பிடிக்குது.”

யோசிக்க ஒன்றுமில்லை என்றார் மஜீத். தேத்தண்ணி இல்லை என்றும், படலையைச் சாத்திவிட்டுப் போகும்படியும் சொன்னார். ஆதம்பாவா எழும்பினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“சரி. இனி ஒங்களுக்கு ரோசாப்பூவும் கிடையாது. முந்தாநாள் லோஞ்சேறிப் போய் முத்தனைக் கண்ட நான். என்னையே ஏஜண்டா வைச்சிட்டார்.”

மஜீதின் முகம் மாறியது. “முத்தனை நீங்க கண்டீங்களா?”

“பக்கத்தில இருந்து சோறு திண்ட நான்.”

வாழையிலையில் சாப்பாடாம். முத்தனின் மனைவி அன்னலட்சுமி கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரமும் ஊற்றினாளாம். முத்தன் கட்டையான ஆள், காதில் மயிர். குளித்துத் திருநீறு பூசாமல் தூரிகையைத் தொடமாட்டார். மஜீதைப் பற்றிப் பேச்சு வந்ததும் முத்தன் சிரித்தாராம்.

“என்ன சொல்லிச் சிரிச்சவர்?”

“மஜீதுக்குக் கை போயிற்று, அவர் கீறின மயில் கோழி மாதிரி இருக்கெண்டார். என்ட ரெண்டு காதாலயும் கேட்ட நான்.”

திரைக்குப் பின்னால் பரீனா இருமினாள். இருமல் நிற்க நேரமெடுத்தது.

மஜீத் கிட்டப் போய், படம் கீறுகிறவர் பார்க்கிற மாதிரி ஆதம்பாவாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், உதட்டோரத்தைப் பார்த்தார். ஒரு கோடுகூட அசையவில்லை.

பிறகு கதிரையைத் துடைத்து முன்னால் இழுத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றும்படி உள்ளே சொன்னார்.

“நாளைக்குப் பேக்கரி முதலாளியைப் போய்க் காணுங்க. அவருக்குக் கழுத்து இருக்கெண்டு சொல்லிக் கலண்டர் வேலையை வாங்கிட்டு வாங்க. இண்டையிலிருந்து நீங்கதான் என்ட ஏஜண்டு.”

ஆதம்பாவா பையை நழுவவிட்டார். முதன்முறையாக அவருடைய முகத்தில் ஒரு கோடு அசைந்தது. ஏற்கனவே ஒருவருக்கு ஏஜண்டு என்று சொல்லியாயிற்று.

“அப்ப முத்தன் கோவிப்பாரே, காக்கா?”

மஜீத் இடது கையைத் திரைக்குள் நீட்டி, விட்ட இடத்திலிருந்து எண்ணெயைத் தேய்க்கச் சொன்னார்.

“கோவிக்க மாட்டன். முத்தன் நான்தான்.”