பிரபு வீட்டு ரத்தம்

“எங்க குடும்பத்துல இதய நோயா? பேச்சுக்கே இடமில்ல!” பிரபு காஸ்பர் லிண்டன்ஹெல்ம் படிவத்தைத் தள்ளிவிட்டார்.

“கையெழுத்துப் போட்டாத்தான் புது மருந்து ஆய்வுல உங்களைச் சேர்க்க முடியும், காஸ்பர்,” என்றார் டாக்டர் மாலின்.

“காஸ்பரா? நாம என்ன ஒண்ணாப் படிச்சோமா? இதுல ‘பரம்பரை நோய்’னு போட்டிருக்கே, அதை அடிச்சு விடும்மா. பதினாலு தலைமுறையில நாங்க போர்ல செத்திருக்கோம், குதிரையிலேர்ந்து விழுந்து செத்திருக்கோம். நெஞ்சு வலியில ஒருத்தரும் போனதில்ல.”

“உங்க மரபணு வேற மாதிரி சொல்லுதே! இது அம்மா வழியிலயோ அப்பா வழியிலயோதான் வரும். மருந்து இல்லன்னா உங்க இதயம் ரெண்டு வருஷம் தாங்காது.”

“உங்க மெஷின்தான் கோளாறு. எங்க ஆளுங்க எல்லாரோட ரத்தத்தையும் சோதிச்சுப் பாரு. அப்புறம் மன்னிப்புக் கடிதம் எழுது.”

தம்பிகள், சித்தப்பாக்கள், தொண்ணூறு வயதுத் தாயார் ஊல்ரிகா என்று பதினொரு பேர் ரத்தம் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, தாயாருடன் வந்து விறைப்பாக உட்கார்ந்தார் பிரபு.

“நீங்க சொன்னது சரிதான்,” என்றார் மாலின். “லிண்டன்ஹெல்ம் குடும்பத்துல ஒருத்தருக்கும் இந்தக் கோளாறு இல்ல. உங்க அம்மாவுக்கும் இல்ல.”

“பார்த்தியா! அப்ப என் சோதனை தப்பு.”

“உங்களோடதை மூணு தடவை பார்த்துட்டோம். தப்பில்ல.”

ஊல்ரிகா பேனாவை எடுத்து மகன் கையில் வைத்தார்.

“பேசாம கையெழுத்துப் போடு. மாலின், எங்க பழைய படகுக்காரர் ஹோகனோட மத்தப் பிள்ளைங்க மூணு பேரும் ஊர்லதான் இருக்காங்க. அவங்களையும் கூப்பிட்டுச் சோதிச்சிடும்மா.”