தாளைப் பார்க்காமல்

"பென்சிலைத் தூக்கக் கூடாது. தாளைப் பாக்கக் கூடாது. எதிர்ல இருக்கற முகத்தை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, டிராயிங் மிஸ் எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்தார்.

எனக்கு வந்து வாய்த்தவன், வகுப்பே 'தாடி' என்று கூப்பிடும் பையன்.

"மிஸ், வேற ஆள் குடுங்களேன்" என்றான், நாற்காலியில் உட்காராமலே.

வகுப்பு சிரித்தது. எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. எனக்கு நாற்பத்தேழு. என் முகத்தில் கோடுகள் அதிகம், வரைந்து மாளாது என்று அவன் பயப்படுவதாக நினைத்திருப்பார்கள்.

"ஏன், அவங்க உன்னைக் கடிச்சிடுவாங்களா? உக்காரு."

உட்கார்ந்தான்.

இது டிகிரிக்கு முந்தைய ஒரு வருட அடிப்படைப் படிப்பு. கலையும் வடிவமைப்பும். இங்கே செய்ததையெல்லாம் ஒரு பெரிய கறுப்பு ஃபைலில் அடுக்கிக் கொண்டுபோய்க் காட்டினால்தான் டிகிரியில் இடம். என் ஃபைலில் வண்ணச் சக்கரம் இருந்தது, அட்டையில் செய்த நாற்காலியின் புகைப்படம் இருந்தது, கண்ணாடித் தம்ளரைப் பதினாறு விதமாக வரைந்தது இருந்தது. தாளைப் பார்க்காமல் வரைந்து, மிஸ் கையெழுத்துப் போட்ட ஒரு முகம் மட்டும் இல்லை.

நாளை நேர்காணல்.

ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்துவிடுவேன். கண் தானாகக் கீழே போய்விடும். வகுப்பில் எனக்கு 'எட்டிப்பார்' என்றே பெயர்.

இருபது வருடம் வங்கியில் கையெழுத்து சரிபார்த்தவள் வேறு எப்படி இருப்பேன்? கவுன்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர்களில் ஒருவருடைய முகமும் நினைவில் இல்லை. அவர்கள் போட்ட சுழிகள் நினைவிருக்கின்றன.

"ஆரம்பிங்க."

நெற்றியிலிருந்து தொடங்கினேன்.

தாடி என் கண்ணைத் தவிர்த்துக் காதைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஒரு முகத்தை இவ்வளவு நேரம், எதற்கென்று இல்லாமல், சும்மா பார்த்து எத்தனை காலம் ஆகிறது? காய்ச்சல் அடிக்கிறதா, பொய் வருகிறதா என்று பார்ப்பதெல்லாம் பார்ப்பதில் சேர்த்தியா?

பென்சில் புருவத்தில் இறங்கி, மூக்கில் ஏறி, கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போனது. கீழே பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மணி அடிக்கும்வரை வாயையும் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய அதிசயம்.

மிஸ் முதலில் என்னிடம் வந்தார்.

"இன்னிக்கு எட்டிப் பாக்கல. நான் கவனிச்சிட்டுத்தான் இருந்தேன்."

தாளை எடுத்தார்.

அவர் முகம் மாறியது.

"தாடி எங்க?"

"இதோ இருக்கானே மிஸ்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் நானும் தாளைப் பார்த்தேன். மூக்கு காதுக்குப் பக்கத்தில் கிடந்தது. அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் தாடை வழவழவென்று இருந்தது. ஒரு முடி இல்லை. போதாததற்கு, முகவாயின் இடது ஓரத்தில் கோடு சற்றே தயங்கி, நகக்கண் அளவுக்கு ஒரு பிறையைச் சுற்றிவிட்டு வந்திருந்தது.

"இது என்ன?"

எனக்குத் தெரியும். சொல்ல முடியாது.

"கை தவறிடுச்சு மிஸ்."

"கை தவறல. நீங்க அவனைப் பாக்கவே இல்ல. மனசுல இருக்கறத வரைஞ்சு வெச்சிருக்கீங்க. அதைச் செய்யக் கூடாதுன்னுதானே இந்தப் பயிற்சியே? இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

தாளைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தாடியின் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடாக இருந்தது.

அவன் பெருமூச்சு விட்டான். எழுந்தான். முகவாயில் இரண்டு விரலை வைத்து, வகிடு எடுப்பதுபோலத் தாடியைப் பிரித்தான்.

மிஸ் குனிந்து பார்த்தார். உள்ளே, இடது ஓரத்தில், அதே பிறை தழும்பாக இருந்தது.

"இது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். இந்த முறை காதை அல்ல.

"அம்மா, எத்தனை தையல்னு நீயே சொல்லு."

எங்கோ ஒரு பென்சில் உருண்டு விழுந்தது.

போன வருடம் விண்ணப்பம் வாங்க நான் போனது அவனுக்காக. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்தது என் ஆசை. வகுப்பில் யாரோ எவரோபோல இருக்க வேண்டும், தனித்தனி பஸ்ஸில் வர வேண்டும் என்பது அவன் போட்ட கண்டிஷன். ஒரு வருடம் கட்டிக்காத்த மானத்தை, என் ஒற்றைத் தாளுக்காக அவனே போட்டு உடைத்துவிட்டான்.

மிஸ் என் மடியிலிருந்து தாளை எடுத்தார்.

"அப்ப இருக்கறதத்தான் வரைஞ்சிருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவனுடைய தாளை எடுத்துப் பார்த்தார். பாதித் தாளுக்கு ஒரு வாய். ஆவென்று திறந்திருந்தது.

"இவங்க வாயே திறக்கலையேடா. இது எங்கேருந்து வந்துச்சு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்.

"திறக்காம எப்படி மிஸ் இருக்கறது? அந்தத் தாடியை எடு, எடுன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு, காதுல வாங்கினாத்தானே! நாளைக்கு இன்டர்வியூ, இந்த மூஞ்சியோட போய் நிப்பான். துவைச்ச சட்டையாவது போட்டுக்கோடான்னா அதுக்கும்..."

மிஸ் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.