ஒரு நிமிட அறிமுகம்

அறுபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பழைய முதலாளி அவள் மானத்தை வாங்கிவிட்டார்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டம் அது. ஆளுக்கு ஒரு நிமிடம். எழுந்து, தொழிலைச் சொல்லி, கார்டைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். யார் மூலமாக யாருக்கு வேலை கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நப்பாசையில்தான் அத்தனை பேரும் காலை ஏழரைக்கே இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் டிசைனர். பழைய ஆபீஸில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'நிதானம்'. எதைக் கொடுத்தாலும் நாலு தடவை பார்ப்பாள், ஐந்தாவது தடவை சண்டைக்கு வருவாள். ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளி ஆட்களைக் குறைத்தபோது முதலில் வெளியே போனது நிதானம்தான்.

அதற்கப்புறம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வேலையும் சிக்கவில்லை. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து தன் கூரியர் ஆபீஸ் கவுன்டரில் வந்து உட்காரச் சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் அவ்வளவுதான், டிசைன் என்ற ஒன்றையே மறந்துவிட வேண்டியதுதான். இந்தக் கூட்டம்தான் கடைசி முயற்சி.

அவள் முறை வந்தது. நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் ஒப்பித்ததெல்லாம் எங்கே போனதோ, தெரியவில்லை. "நான் வந்து..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்றாவது வரிசையில் முதலாளி எழுந்தார்.

"இவங்களைப் பத்தி நான் சொல்றேன். என்கிட்ட ஏழு வருஷம் வேலை பார்த்தவங்க. மத்தவங்க மூணு நாள்ல முடிக்கிறதை இவங்க மூணு வாரம் பண்ணுவாங்க. நாம எழுதிக் கொடுத்ததுலயே தப்பு கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்புவாங்க. எழுத்து சின்னதா இருக்குன்னு தோணிட்டா, யார் கெஞ்சினாலும் விட மாட்டாங்க. அவசர வேலைன்னா தயவுசெஞ்சு இவங்ககிட்ட போயிடாதீங்க."

கூட்டம் சிரித்தது. நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள்.

டீ நேரத்தில் ஒருத்தர்கூட அவள் பக்கம் வரவில்லை. முதலாளி மட்டும் கப்போடு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, அதே போன் நம்பர்தானே என்று விசாரித்தார். ஆமாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஆட்டோவில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அக்கா, அந்த ஆளின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "திங்கக்கிழமை ஒம்பது மணிடி. லேட்டா வராத" என்றாள்.

மறுநாள் காலை போன் வந்தது. நடுத்தர வயதுப் பெண் குரல். மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றை நடத்துவதாகவும், நேற்றுக் கூட்டத்தில் இருந்ததாகவும் சொன்னார். இருபது மருந்துகளுக்கு லேபிளைப் புதிதாகச் செய்ய வேண்டுமாம்.

"எவ்வளவு நாள் ஆகும்மா?"

இரண்டு மாதம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாக்கு வரவில்லை.

"ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும் மேடம்."

போச்சு, நம் வாயே நமக்கு எமன் என்று நொந்துகொண்டாள்.

"நல்லது" என்றது குரல். "இதுவரைக்கும் கேட்டவங்க எல்லாம் ரெண்டே மாசம்னாங்க. எனக்குப் பயமா இருந்தது. திங்கக்கிழமை வந்து ஆரம்பிச்சுடுங்க."

"வந்துடறேன் மேடம்" என்றாள் நிதானம். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் நேற்றுப் பட்ட காயம் எட்டிப் பார்த்தது.

"ஒரு விதத்துல அந்த சார் என்னை மட்டம் தட்டினதே நல்லதாப் போச்சு மேடம். எனக்கு இவ்வளவு பெரிய வேலை கிடைச்சது தெரிஞ்சா அவருக்கு வயிறு எரியும்."

"அவருக்கா?" அந்தம்மா சிரித்தார். "பத்து வருஷமா எங்க லேபிளை எல்லாம் பண்ணிட்டு இருந்ததே அவர்தாம்மா. ரெண்டு பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கப்போய், கடைக்காரர் ஒரு குழந்தைக்கு மாத்திக் கொடுத்துட்டார். நல்லவேளை, குழந்தைக்குப் புகட்டறதுக்கு முன்னால தாய்க்காரி பார்த்துட்டா. போன வாரம் அவரே வந்து, இனிமே இந்த வேலை எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டார். வேற யாரு பண்ணுவாங்கன்னு நான் கேட்டதுக்குத்தான் என்னைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். 'அந்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு அன்னிக்கே ஒரு பொண்ணு என்கிட்ட மல்லுக்கு நின்னுச்சு. லேபிளை மாத்தாம அந்தப் பொண்ணை மாத்தினவன் நான்'னு சொல்லி, என் முன்னாடி தலையைக் குனிஞ்சுகிட்டாரும்மா."